இணைய நூற்பட்டியல்களில் தமிழ் நூல்கள்: ஆய்வாளர் நோக்கில் ஒரு மதிப்பீடு

முன்னுரை

உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் முதல் மாநாடு 1966-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடைபெற்றது. அதே ஆண்டில் தனிநாயகம் அடிகளார் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக இரு நூல்களை வெளிக்கொணர்ந்தார். ஒன்று, தமிழியல் நூல்களைத் தொகுத்துத் தந்த வழிகாட்டிப் பட்டியல். மற்றொன்று, அந்தாம் தெ புரோயென்சா இயற்றி 1679-இல் அச்சேறிய தமிழ்–போர்த்துகீசிய அகராதி. அவ்வகராதியின் படியை அடிகளார் வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்தார். பட்டியல் தொகுத்தவரும், தமிழுலகம் மறந்திருந்த ஒரு நூலைத் தேடிக் கண்டவரும் ஒருவரே என்பது தற்செயலாக நேர்ந்ததாகத் தோன்றவில்லை. எந்த நூல் எங்கே உள்ளது என்னும் வினாவை அவர் ஆராய்ச்சியின் முதற்படியாகவே கொண்டார்.

அவ்வினாவுக்கு இன்று நாம் விடை தேடும் இடம் இணைய நூற்பட்டியல். அயலக ஆய்வு நூலகங்களின் இணையப் பட்டியல்கள் தமிழ் நூல்களை எவ்வாறு பதிவு செய்கின்றன, ஆய்வாளர் தேடும்போது எவ்விடத்தில் அவை நூலைத் தவறவிடுகின்றன, அவற்றை எவ்வாறு சீர்செய்யலாம் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. பட்டியலிடுதலும் ஒருவகைப் பதிப்புப்பணியே என்பதை மறந்தமையால் விளைந்த குறைகளே இவற்றுள் மிகுதி என்பது இக்கட்டுரையின் துணிபு. கணினியின் ஆற்றல் பெருகுவதால் மட்டும் இவை நீங்கமாட்டா.

1. ஓர் அடிக்குறிப்பின் கதை

இத்துணிபுக்கு நான் வந்தது என் சொந்தத் தவறு ஒன்றின் வழியாகும். 1990களில் என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஈழத்து ஊஞ்சற் பிரபந்தங்களைப் பற்றி ஓர் இயல் எழுதினேன். கோயில்தோறும் பாடப்பட்ட அச்சிறு நூல்கள் எப்போது அச்சுக்கு வந்தன என்பது அவ்வியலின் வினா. நான் நாள்தோறும் பயன்படுத்திய நூலகம் (அது இலண்டன் மாநகரைச் சேர்ந்ததன்று, அதன் பெயர் இங்கு வேண்டியதுமில்லை) அப்போதுதான் தன் அட்டைப் பட்டியலைக் கணினிக்கு மாற்றியிருந்தது. திரையில் 'ஊஞ்சல்' என்னும் சொல்லை இட்டுத் தேடினேன். வந்தவற்றைக் குறித்துக்கொண்டேன். வராதவை இல்லை என்று முடிவு செய்து, குறிப்பிட்ட ஒரு பதிப்பு ஐரோப்பிய நூலகங்களில் இல்லை என ஓர் அடிக்குறிப்பும் எழுதினேன். அவ்வடிக்குறிப்பின்மேல் ஒரு காலக்கணிப்பையும் கட்டினேன்.

சில ஆண்டுகள் கழித்து, வேறொரு காரணம் பற்றி அதே நூலகத்தின் பழைய அச்சுப் பட்டியலைப் புரட்டியபோது அந்நூல் அதில் இருக்கக் கண்டேன். அடுக்கிலும் இருந்தது. திரையிலும் அதற்கொரு பதிவு இருந்தது. ஆனால் அப்பதிவில் நூற்பெயர் 'பிள்ளையாரூஞ்சல்' என்பது போலக் கோயிலிறைவன் பெயரோடு புணர்ந்து ஒரே சொல்லாக ரோமன் எழுத்தில் இடப்பட்டிருந்தது. சொல்லின் முதலில் தேடும் பொறிக்கு அதன் நடுவிலிருந்த ஊஞ்சல் தெரியவில்லை. குற்றத்திற் பாதி என்னுடையது: அச்சுப் பட்டியலை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். ஆய்வேடு ஏற்கப்பட்டுவிட்டது, அடிக்குறிப்பு இன்றும் அங்கேயே இருக்கிறது.

ஈழத்து நூல்களைப் பொறுத்தவரை இத்தகைய தவறு சிறியதன்று. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அதன்பின் எத்தனையோ சிறு வெளியீடுகளுக்குக் கடல் கடந்து வந்த படிகளே எஞ்சியிருக்கக் கூடும். மயிலை சீனி. வேங்கடசாமி மறைந்துபோன தமிழ் நூல்களைத் தேடித் தொகுத்தார். அடுக்கில் இருந்துகொண்டே பட்டியலில் மறைந்துபோன நூல்களைத் தேடித் தொகுக்க வேண்டிய காலம் இது.

2. அச்சிலிருந்து திரைக்கு

தமிழ் அச்சு நூல்களுக்கு முறையான பட்டியல் மரபு உண்டு. ஜான் மர்டாக் 1865-இல் சென்னையில் வெளியிட்ட வகைப்படுத்திய பட்டியல் நூற்பெயர்களோடு நிற்காமல், நூல்களைப் பற்றிய அறிமுகக் குறிப்புகளையும் தந்தது. அவருடைய சமயச் சார்பு அக்குறிப்புகளில் வெளிப்படையாகவே தெரியும். எனினும் நூலைத் திறந்து பார்த்தவர் ஒருவர் எழுதினார் என்பதும் தெரியும். 1867-ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூற்பதிவுச் சட்டத்திற்குப் பின் மாகாண அரசு காலாண்டுதோறும் நூற்பட்டியல் வெளியிட்டது. நூற்படிகள் பல இலண்டனை அடைந்தன. பிரித்தானிய அருங்காட்சியகத்தின் தமிழ் நூல்களுக்கு எல். டி. பார்னெட்டும் ஜி. யு. போப்பும் தொகுத்த பட்டியல், போப் மறைந்த மறு ஆண்டாகிய 1909-இல் வெளிவந்தது. அதன் துணைத்தொகுதியைப் பார்னெட் 1931-இலும், இரண்டாம் துணைத்தொகுதியை ஆல்பர்ட்டீன் கவுர் 1980-இலும் கொணர்ந்தனர்.

1909-ஆம் ஆண்டுப் பட்டியலில் தமிழ் நூலின் பெயர் தமிழ் எழுத்திலேயே அச்சிடப்பட்டுள்ளது. அருகில் ரோமன் வடிவம். தொடர்ந்து நூல் இன்னதென ஓரிரு வரி விளக்கம். கணினிக் காலம் தொடங்கியபோது நாம் இவற்றுள் இரண்டை இழந்தோம். 1960களில் அமெரிக்கக் காங்கிரசு நூலகம் உருவாக்கிய 'மார்க்' எனும் பதிவமைப்பே உலக நூலகங்களின் பொது மொழியாயிற்று. சீனம், சப்பானியம், கொரியம், அரபு, எபிரேயம் ஆகியவற்றின் எழுத்துகள் படிப்படியாக அதில் இடம்பெற்றன. இந்திய மொழிகளின் எழுத்துகள் அத்தொடக்ககால எழுத்துத் தொகுதியில் சேரவில்லை. காங்கிரசு நூலகம் 1962-இல் புது தில்லியில் அலுவலகம் திறந்து, தமிழ் நூல்களைத் திரட்டி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. அதனால் நாம் அடைந்த நன்மை பெரிது. எனினும் அந்நூல்களின் பதிவுகள் ரோமன் எழுத்திலேயே அமைந்தன. பிற நூலகங்கள் அவற்றைப் படியெடுத்தன.

2023 அக்டோபரில் பிரித்தானிய நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் பட்டியல் 2024 சனவரி வரை இணையத்தில் கிட்டாதிருந்தது. 1909, 1931, 1980 ஆகிய ஆண்டுகளின் தொகுதிகளுக்கு அம்மாதங்களில் மீண்டும் வேலை வந்தது. அவற்றைக் கையிலெடுத்த எவருக்கும், திரை தராத சில செய்திகளை அத்தாள்கள் தருவது புலப்பட்டிருக்கும்.

3. எழுத்து

நூலகங்கள் பெரும்பாலும் பின்பற்றும் எழுத்துப்பெயர்ப்பு முறையில் தமிழின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனி அடையாளம் உண்டு. நெடிலுக்கு மேற்கோடு, டகர ணகர ளகரங்களுக்குக் கீழ்ப்புள்ளி, றகர னகர ழகரங்களுக்குக் கீழ்க்கோடு. முறையில் குற்றமில்லை. குற்றம் தேடலில் நேர்கிறது. எளிமை கருதிப் பெரும்பாலான தேடுபொறிகள் இக்குறிகளைப் புறக்கணித்துவிடுகின்றன. அவ்வாறு புறக்கணிக்கும்போது வலி, வளி, வழி ஆகிய மூன்றும் ஒன்றாகின்றன. பத்து, பட்டு, பாட்டு ஆகியவையும் ஒன்றாகின்றன. அறமும் அரமும் வேறுபாடிழக்கின்றன. அறம் பற்றிய நூல் தேடுபவருக்குக் கருவி பற்றிய நூலும் வந்தால் தள்ளிவிடலாம். ஆயிரம் பதிவுகளுக்கிடையே தேவையான ஒன்று புதைந்துபோவதே இடர்.

குறிகளை இடுவோர்க்கும் இடையூறு உண்டு. நூலக முறையில் சகரம் ஆங்கில நெடுங்கணக்கின் மூன்றாம் எழுத்தால் குறிக்கப்படும். ஆனால் சண்முகம் என்னும் பெயருடையவர் தம் பெயரை 'எஸ்' எழுத்தில்தான் தொடங்கி எழுதுகிறார். சிலப்பதிகாரத்தைத் தேடும் மாணவரும் 'எஸ்' எழுத்திலேயே தொடங்குகிறார். தம் மொழியின் காப்பியம் நூலகத்தில் இல்லை என்று அவர் எண்ணினால் அவரைக் குறைகூற இயலாது.

தமிழ் எழுத்தில் பதிவு செய்துவிட்டால் எல்லாம் தீரும் என்பாரும் உளர். ஒருங்குறி பரவிய பின் அது இயலக்கூடியதாயிற்று என்பது உண்மை. எனினும் தமிழ் எழுத்துக்கும் தனக்கே உரிய கண்ணிகள் உண்டு. ஔவையார் என ஓரெழுத்தால் தொடங்குவதும், ஒளவையார் என ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டுவதும் கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. ஒன்றைக் குறிக்கும் தமிழ் எண்ணும் ககர எழுத்தும் அவ்வாறே குழம்பும். லக்ஷ்மி, லட்சுமி, இலக்குமி என்னும் மூன்றும் நூல் முகப்புகளில் உண்மையாகவே உள்ள வடிவங்கள். எதையும் பிழையென்று தள்ள முடியாது.

4. சொல்

இதனினும் ஆழமான சிக்கல் புணர்ச்சியில் உள்ளது. திருவரங்கக் கலம்பகம் எனப் பிரித்து எழுதிய பதிவில் கலம்பகம் என்னும் சொல் தனியே நிற்கிறது, தேடினால் கிடைக்கும். நந்திக்கலம்பகம் எனச் சேர்த்து எழுதினால் அது கிடைக்காது. சொல்லின் நடுவிலும் தேடும் வசதியைப் பொறிக்குத் தந்தால் இது சரியாகும். ஆயினும் மூவருலா என்னும் பெயரில் உலாவைத் தேடிப் பாருங்கள். உகரம் ரகர மெய்யோடு கூடி 'ரு' ஆகிவிட்டது. 'உலா' என்னும் எழுத்துத் தொடர் அப்பெயரில் எங்கும் இல்லை. அபிராமியந்தாதியில் 'அந்தாதி' இல்லை. பிள்ளையாரூஞ்சலில் 'ஊஞ்சல்' இல்லை. சொல்லின் நடுவிலும் தேட இயலுமாயின், ரோமன் எழுத்தில் இவை அகப்படும். தமிழ் எழுத்தில் அகப்படா. தமிழ் எழுத்துக்காக வாதிடும் நான் இதனை ஒப்புக்கொண்டே மேற்செல்ல வேண்டும்.

இதற்கு மருந்தும் நம் மரபிலேயே உள்ளது. புள்ளியும் சொற்பிரிப்பும் இல்லாத ஏட்டுச் சுவடிகளை அச்சுக்குக் கொணர்ந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் முதலிற் செய்தது பதம் பிரித்தல். கலித்தொகையும் சீவகசிந்தாமணியும் 1887-இல் அச்சேறியபோது அவற்றின் பின்னால் அவ்வுழைப்பு நின்றது. பட்டியலாளரும் அதனையே சிறு அளவில் செய்ய வேண்டும்: முகப்பில் உள்ளவாறு ஒரு வடிவம், பதம் பிரித்து ஒரு வடிவம், இரண்டும் பதிவில் இடம்பெற வேண்டும். முதலாவது நூலுக்குச் செய்யும் நேர்மை. இரண்டாவது படிப்பவருக்குச் செய்யும் உதவி.

5. பெயர்

தமிழரின் பெயரை மேலைநாட்டுப் பட்டியல் விதிகள் புரிந்துகொண்ட வரலாறு இடர் மிக்கது. தலைப்பெழுத்து தந்தை பெயரையோ ஊர்ப்பெயரையோ குறிக்கும். குடும்பப் பெயர் என்பது பலருக்கு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முகப்புகளில் ஊர், பட்டம், சாதிப்பெயர், 'அவர்கள்' என்னும் மதிப்புச்சொல் ஆகிய அனைத்தும் ஒரே தொடராக நிற்கும். 'யாழ்ப்பாணத்து நல்லூர்' என்று தொடங்கும் ஆசிரியரை யாழ்ப்பாணம் என்னும் பெயருடையவராகக் கொண்ட பதிவுகளை நான் கண்டிருக்கிறேன்.

புனைபெயர்கள் மற்றொரு வகை. சொ. விருத்தாசலமும் புதுமைப்பித்தனும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும். பொறிக்கு யாரேனும் சொல்ல வேண்டும். இருமொழியில் எழுதியோர் நிலை இன்னும் நுட்பமானது. க. கைலாசபதி பர்மிங்காமில் ஆய்வு செய்து, தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய ஆங்கில நூலை 1968-இல் வெளியிட்டார். அதே ஆண்டில் அவருடைய தமிழ் நாவல் இலக்கியம் வெளிவந்தது. ஆங்கில நூலின் முகப்பில் அவர் தாமே எழுதிய பெயர்வடிவும், தமிழ் நூலிலிருந்து விதிப்படி பெயர்த்த வடிவும் ஒன்றாகா. இரண்டையும் இணைக்கும் பெயர்க்கோப்பு ஒரு நூலகத்தில் இல்லையெனில், அங்கே அவர் இருவராவார். அவருடைய ஆங்கிலச் சிந்தனையும் தமிழ்ச் சிந்தனையும் ஒன்றையொன்று வளர்த்தன என ஆராய வரும் மாணவருக்குப் பட்டியல் முதலிலேயே அவ்வழியை அடைத்துவிடும்.

6. வகை, பொறுப்பு, ஆண்டு

டூயி பகுப்புமுறையில் தமிழ் இலக்கியம் முழுமைக்கும் 894.811 என்னும் எண் போதுமானதாகக் கருதப்பட்டது. செய்யுள், நாடகம், புனைகதை என அதன் உட்பிரிவுகள் மேலை இலக்கிய வகைகளைத் தழுவியவை. பிள்ளைத்தமிழ், தூது, பரணி, தலபுராணம் என நாம் தேடும் வகைகளுக்குத் தனி இடமில்லை. சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1924-இல் இலண்டனுக்கு வந்து பயின்ற எஸ். ஆர். அரங்கநாதன் இக்குறைகளை எண்ணியே தம் பகுப்புமுறையைக் கட்டினார். 1931-இல் அவர் வகுத்த ஐந்து விதிகளுள் நான்காவது, படிப்பவரின் காலத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. நூலகப் பள்ளிகள் அவ்விதியைக் கற்பிக்கின்றன. அவருடைய தாய்மொழி நூல்களைத் தேடுபவருக்கோ அது இன்னும் எட்டவில்லை.

பழைய முகப்பில் இயற்றியவர், உரை செய்தவர், பரிசோதித்தவர், பொருளுதவி செய்தவர், அச்சுக்கூடத்தார் எனப் பலர் பெயர் இருக்கும். இவர்களுள் ஒருவரை மட்டும் பதிவில் ஏற்றிப் பிறரை விடுவது, தமிழ்ப் பதிப்பு வரலாற்றையே விட்டுவிடுவதாகும். ஆண்டும் அவ்வாறே. பிலவ ஆண்டு என்று மட்டும் முகப்பில் இருந்தால் அது 1841-ஆகவும் 1901-ஆகவும் 1961-ஆகவும் இருக்கலாம். தை மாதம் என்றும் இருந்தால் ஆங்கில ஆண்டு ஒன்று கூடும். தாளையும் எழுத்துருவையும் அச்சகத்தையும் கண்டு பட்டியலாளர் ஒன்றைத் துணிகிறார். அத்துணிபு ஊகம் என்பது பதிவில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், ஊகத்தின்மேல் நாம் முதற்பதிப்பு என்று எழுதிவிடுவோம்.

7. செய்யத்தக்கன

முதலாவது, பழைய ரோமன் பதிவுகளைத் தமிழ் எழுத்துக்கு மீட்டல். மேற்குறி கீழ்க்குறிகள் சிதையாத பதிவுகளில் ஒவ்வொரு குறியும் ஒரு தமிழ் எழுத்தையே சுட்டுவதால், பொறியைக் கொண்டே மீட்டுவிடலாம். 'மார்க்' அமைப்பில் பிற எழுத்து வடிவத்தை இடுவதற்கென 880 என்னும் எண்ணுடைய புலம் ஆயத்தமாக உள்ளது. குறிகள் சிதைந்த பதிவுகளைப் பொறியிடம் விடலாகாது. 'என்' எழுத்து நகரமா, ணகரமா, னகரமா என்பதை நூலைத் திறந்தவரே சொல்ல முடியும். இவ்விரு வகைகளையும் முதலிற் பிரித்துக்கொண்டால் மனித உழைப்பு எங்கே தேவை என்பது தெளிவாகும்.

இரண்டாவது, நூற்பெயரைச் சேர்ந்த வடிவிலும் பிரித்த வடிவிலும் தருதல். மூன்றாவது, கிரந்த வேறுபாடுகளையும் ஔகார மயக்கத்தையும் தேடுபொறி தானே இணைத்துப் பார்த்தல். அதே வேளையில், எழுத்து மாறாமல் தேட விரும்பும் ஆய்வாளருக்கு அவ்விணைப்பை நீக்கும் வழியும் தருதல். நான்காவது, பெயர்க்கோப்பில் தமிழ் வடிவம், வழங்கு ஆங்கில வடிவம், புனைபெயர் ஆகியவற்றை ஒன்றாகப் பிணைத்தல். ஐந்தாவது, இலக்கிய வகையைத் தமிழ்ச் சொல்லாலேயே குறித்தல். ஆறாவது, பதிவை எழுதியவர் நூலைக் கண்டாரா, வேறு பட்டியலிலிருந்து படியெடுத்தாரா என்பதை அறிவித்தல்.

இவற்றுக்கு அயலக நூலகங்களை மட்டும் எதிர்பார்த்திருத்தல் தகாது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், 2005 முதல் ஈழத்து ஆவணங்களைத் திரட்டிவரும் நூலகம் நிறுவனமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் தமிழறிந்தோரின் கையில் உள்ளன. பெயர்க்கோப்பு ஒன்றை இவை கூடி உருவாக்கினால் உலக நூலகங்கள் அதனை எடுத்தாள இயலும். திருத்தம் காணும் ஆய்வாளரும் அதனைத் தம் குறிப்பேட்டில் வைத்துக்கொள்ளாமல் நூலகத்துக்கு எழுத வேண்டும். என் ஊஞ்சல் நூலைக் கண்ட அன்று நான் அதைச் செய்யவில்லை; மறு ஆண்டுதான் செய்தேன்.

ரோமன் வடிவத்தை நீக்கிவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. தமிழறியாத நூலக ஊழியர் அதனைக் கொண்டே நூலை அடுக்கிலிருந்து எடுத்துத் தருகிறார். தமிழ் வடிவத்துக்கு அது துணையாக நிற்கட்டும்.

முடிவுரை

நான் வாழும் அப்டன் பார்க்கில் கிரீன் ஸ்ட்ரீட்டிலும் அருகேயுள்ள ஈஸ்ட் ஹாமிலும் தமிழ் நாள்தோறும் காதில் விழும். இங்கு வளர்ந்த பிள்ளைகளுள் தமிழ் பேசுவோர் பலர்; எழுத்துக் கூட்டிப் படிப்போர் சிலர். அவர்தம் பாட்டனாரோ தமிழ் எழுத்தில் மட்டுமே படிப்பார். ஒரே வீட்டில் வாழும் இவ்விருவரும் ஒரே நூலைத் தேடினால், இருவருக்கும் அது கிடைக்கும்படி பட்டியல் அமைய வேண்டும். அப்டன் பார்க் நிலையத்தில் ஏறினால் வண்டி மாறாமல் கிங்ஸ் கிராஸ் சேரலாம். பிரித்தானிய நூலகம் அங்கிருந்து சில நிமிட நடை. அத்தொலைவு பெரிதன்று. வாசலை அடைந்த பின் நூலை அடையும் தொலைவைக் குறைப்பதே எஞ்சியுள்ள பணி.

மாநாடுகளில் நாம் புதிய கோட்பாடுகளை விவாதிக்கிறோம். அவற்றுக்கு அடிப்படையாகும் சான்றுகள், யாரோ ஒருவர் ஒரு முகப்பைப் படித்துப் பதம் பிரித்து எழுதிய சில வரிகளை நம்பியே நிற்கின்றன. அவ்வரிகளை எழுதுவதையும் திருத்துவதையும் தமிழியலின் பணியாக இம்மாநாடு ஏற்க வேண்டும் என வேண்டுகிறேன். ஏற்குமாயின், என் அடிக்குறிப்பைப் போன்ற பிழை இன்னொரு மாணவரின் ஆய்வேட்டில் இடம்பெறாமல் தடுக்கலாம்.